லாடத்தின் கதை

பாளையம்பட்டியில் எனக்குப் பழக்கமான ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டு வாசற்படியில் இரண்டு இரும்புத் துண்டுகளை ஆணி அடித்துப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் மூன்றாம் பிறையைப் போல் வளைந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. மூன்று தலைமுறைப் பாதங்கள் பட்டுப் பட்டு அவை பழைய வெள்ளிக் காசைப்போல் வழவழத்துப் போயிருக்கின்றன. "இது எதற்கு ஐயா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டால், "அதிர்ஷ்டத்துக்கு அடிச்சது" என்பார். "யாருடைய அதிர்ஷ்டத்துக்கு?" என்று மேலும் கேட்டால், சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் காப்பி போடச் சொல்லிவிடுவார்.

அவை மாட்டு லாடங்கள். ஒரு வண்டி மாட்டின் ஒற்றைக் குளம்பில் இருந்தவை.

சென்ற தடவை நான் அங்கே போனபோது என் அக்காள் மகனும் உடன் வந்திருந்தான். அவனுக்குக் கனடா தேசத்தில் உத்தியோகம். மார்கழி, தை மாதங்களில் அங்கே ஏரிகள் கல்லைப்போல் உறைந்துவிடுகின்றன. அவற்றின் மேலேயே வண்டி ஓட்டுகிறார்கள். நம்முடைய சீமையிலும் கண்மாய்க்குள் வண்டி ஓட்டுவது உண்டு. ஆனால் தண்ணீர் வற்றுகிற வரையில் நாம் காத்திருக்க வேண்டும். அவர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை!

பையன் வாசற்படியருகே குந்தி உட்கார்ந்து அந்த இரும்பைத் தடவிப் பார்த்தான். "மாமா, என் பனிவண்டிக்கு நானும் இந்த மாதிரிதான் ஆணி வாங்கி அடிச்சேன்" என்றான்.

பனிவண்டி என்று அவன் சொன்னது ஸ்னோமொபைலை. அதற்குச் சக்கரம் கிடையாது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் யுத்த டாங்கிக்கு இருப்பதுபோல் சுற்றிச் சுழலும் ரப்பர்ப் பட்டை. கனடாவில் க்யூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியர் என்பவர் 1959-ல் 'ஸ்கீ-டூ' என்ற சிறு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, அந்த வண்டி குளிர் தேசங்களில் வெகுவாகப் பரவிற்று. உதிரியான பனியில் ரப்பர்ப் பட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிபோல் இறுகிய பனிக்கட்டியின் மேல் வழுக்கிவிடும். ஆகவே பட்டையில் துளையிட்டு ஆணிகளைப் பொருத்துகிறார்கள். உறைந்த ஏரியில் பந்தயம் விடுகிறவனுக்குக் கூரான ஆணிகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். காட்டுப் பாதையில் நிதானமாகப் போய்வருகிறவனுக்கு அவ்வளவு தேவை இல்லை. ஆனால் அவன் பாதையில் கல்லும் தார் ரோடும் குறுக்கிடும் என்பதால், நுனியில் டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருள் வைத்த ஆணிகள் அவனுக்கு நல்லவை. ஆணியின் முனை ரப்பர்ப் பல்லைத் தாண்டிக் கொஞ்சம்தான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மேலும், பின்னால் பிடிப்பு கூடிப்போய் முன்கட்டைகளில் பிடிப்பு இல்லாவிட்டால், வளைவு வரும்போது வண்டி திரும்பாமல் நேரே போய்விடுமாம்!

"கடைக்காரன் எத்தனை ஆணி வேணும்னு கேக்க மாட்டான், மாமா. எங்கே ஓட்டப் போறேன்னுதான் முதல்லே கேப்பான்" என்று பையன் முடித்தான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கேள்வியை நான் சிறு பையனாக இருந்தபோது ஒரு புளியமரத்தடியில் கேட்டிருக்கிறேன். சாக்குத் துணியை விரித்து, சுத்தியலையும் உளியையும் குறட்டையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லாடக்காரர், மாட்டைக் கொண்டுவருகிறவர்களிடம் கேட்பார்: "வண்டி எந்தப் பக்கம் போகுது?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். கேட்க மறந்தவர்களில் சக்கரவர்த்திகளும் உண்டு. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

*

முதலில் நம்முடைய பாண்டிய மகாராஜாக்களையே எடுத்துக்கொள்வோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ தென்பாண்டிக் கடற்கரைக்கு வந்தார். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலுள்ள காயல் துறைமுகத்தைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ் முதலிய இடங்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இங்கே வந்து இறங்கின. ஒவ்வோர் அரசரும் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரம் குதிரைக்குக் குறையாமல் வாங்கினார் என்றும், வருஷக் கடைசியில் நூறு குதிரைகூட மிஞ்சுவதில்லை என்றும் அவர் கணக்குச் சொல்லுகிறார். யாத்திரிகர்களுடைய கணக்கில் கொஞ்சம் உப்பும் புளியும் தூக்கலாகவே இருக்கும். ஆனால் அவர் சொல்லும் காரணம் யோசிக்கத் தக்கது. குதிரையைப் பராமரிக்க இந்த நாட்டில் தெரியவில்லை. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துப் போட்டார்கள். குதிரை வைத்தியமும் லாடமும் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களைத் தாங்களும் அழைத்துவரவில்லை. பிறர் வருவதற்கும் விடவில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி இருக்கும்!

பொன்னைக் கொட்டிக் குதிரை வாங்கிய அரசர்கள், குளம்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தேடிக்கொள்ளவில்லை.

இது நம்மவர்களுடைய குறை மட்டும் என்று வருத்தப்பட வேண்டாம். 1812-ல் நெப்போலியன் பெரும் சேனையோடு மாஸ்கோவுக்குப் போனான். திரும்பி வரும்போது ரஷ்யக் குளிர் பிடித்துக்கொண்டது. பாதையெல்லாம் பனிக்கட்டி. உறைபனியில் நடக்கவேண்டிய குதிரைகளுக்குக் கூர்முனை வைத்த லாடம் அடிப்பது வடதேசங்களில் வழக்கம். நெப்போலியனுடைய அசுவசாலைக்குத் தலைவராக இருந்த கோலன்கூர், முன்பு ரஷ்யாவில் பிரெஞ்சுத் தூதராக இருந்தவர். ஆகையால் அவருக்கு அந்தக் குளிர் தெரியும். தம் பொறுப்பிலிருந்த அரண்மனைக் குதிரைகளுக்கு அவர் முன்கூட்டியே கூர்லாடம் அடிக்கச் செய்துவிட்டார். சேனையிலிருந்த மற்றக் குதிரைகளோ சாதாரண லாடத்தோடு வந்தவை. சிறு மேட்டில் ஏறக்கூட முடியாமல் வழுக்கி விழுந்தன, விழுந்தவை எழுந்திருக்கவில்லை. பீரங்கிகளை இழுக்க மிருகம் இல்லாமல் வழியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். ஐரோப்பாவை நடுங்க வைத்தவன், வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று லாடக்காரனிடம் சொல்ல மறந்துவிட்டான்!

*

லாடம் என்பது உலகத்தில் என்றைக்கும் இருந்த பொருள் அல்ல. ரோமானியர்கள் குதிரையின் காலில் இரும்புச் செருப்பைக் கட்டிவிடுவார்கள். காரியம் முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். ஆணி அடித்த லாடம் ஐரோப்பாவில் பரவலானது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். ஜப்பானில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் குதிரைக்கும் மாட்டுக்கும் வைக்கோலால் பின்னிய செருப்புப் போட்டார்கள். தேய்ந்ததும் வழியிலே எறிந்துவிட்டு வேறு மாட்டிக்கொள்வார்கள். பிரிட்டனில் வேல்ஸ் பிரதேசத்திலிருந்து லண்டன் சந்தைக்கு மாடுகளை நடத்திக்கொண்டு போனவர்கள் அவற்றுக்கு லாடம் அடித்தார்கள். வாத்துக்களை நடத்திச் சென்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாத்தின் பாதத்தைக் கீலில் தோய்த்து, மணலில் நடக்க விட்டார்கள். அதுதான் வாத்துக்கு லாடம்!

மாட்டின் குளம்பு நம்முடைய நகத்தைப் போன்றதுதான். மாதத்துக்குச் சுமார் அரை சென்டிமீட்டர் வளர்கிறது. உழவு மாடு உழுத மண்ணில் நடக்கிறது. அங்கே குளம்பு தேய்வதைவிட வளர்வது அதிகம். அதற்கு லாடம் வேண்டாம். வண்டி மாடு கப்பி ரோட்டில் நாள் முழுதும் நடக்கிறது. அங்கே வளர்வதைவிடத் தேய்வது அதிகம். கவசம் போடாவிட்டால் கொஞ்ச நாளில் உயிர்ச்சதை தரையில் படும். இந்த வரவு செலவுக் கணக்கைச் சரிக்கட்டத்தான் லாடம் வந்தது.

குதிரைக்குக் குளம்பு ஒன்றே; லாடமும் ஒன்று. மாட்டுக்குப் பிளந்த குளம்பு. நடக்கும்போது இரண்டு பாதியும் விரிந்து கொடுக்கும். ஒரே இரும்பால் பூட்டிவிட்டால் மாடு நொண்டும். ஆகையால் பாதிக்கு ஒன்றாக, காலுக்கு இரண்டு துண்டு. நான்கு காலுக்கும் அடித்தால் எட்டு. ஒரு ஜோடி மாட்டுக்குப் பதினாறு. வாசற்படியிலிருந்த அந்த இரண்டு பிறைகள் பதினாறில் இரண்டு.

*

இனிப் பாளையம்பட்டிக்கு வருவோம்.

இன்றைக்கு மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குக் காரில் போகிறவர்கள் பாளையம்பட்டியைக் கவனிக்கவே மாட்டார்கள். அருப்புக்கோட்டை வந்துவிட்டது என்று நினைப்பதற்குள் அது பின்னால் போய்விடும். ஆனால் வண்டி மாடுகளின் சரித்திரத்தில் அது பெயர் பெற்ற ஊர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி ஆகிய ஆறும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வணிகர்கள் நிலைகொண்ட ஊர்கள். பாளையக்காரர் யுத்தங்கள் 1801-ல் ஓய்ந்தன. அதற்குப் பிறகு தெற்கேயிருந்து வணிகர்கள் வடக்கே இந்த வறண்ட சீமைக்கு வந்து கடை போட்டார்கள். பருத்தி இங்கே விளைந்தது. உப்பும் கருவாடும் கருப்பட்டியும் கடற்கரைப் பக்கத்திலிருந்து வரவேண்டும். நடுவிலே இருந்தது வழி ஒன்றுதான்.

அந்த வழி லேசானது அல்ல. பாளையம்பட்டியிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர் போனால் பெரிய காரியம். ஒரு போக்குக்கு நாலைந்து நாள் பிடிக்கும். வழியிலே திருட்டுப் பயம் வேறு. ஆகவே வணிகர்கள் ஒரு நாள் வண்டிப் பயணத்துக்கு ஒன்றாகப் பேட்டைகளை அமைத்தார்கள். பேட்டை என்பது மதில் சூழ்ந்த வளாகம். பொழுது சாய்ந்ததும் வண்டி, மாடு, சரக்கு எல்லாம் உள்ளே வந்துவிடும், கதவைச் சாத்திக்கொள்வார்கள். இதற்கெல்லாம் ஆகிற செலவுக்காகச் சரக்கின் மேல் ஒரு சிறு தொகை வசூலித்தார்கள். அதற்கு மகமை என்று பெயர். துளித்துளியாகச் சேர்ந்த மகமை பிறகு கிணறாயிற்று, கோயிலாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. விருதுநகரில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை இந்த மாதிரிப் பொதுப் பணத்தில் நடந்த பள்ளிதான். காமராஜர் சிறு பையனாகப் படித்தது அங்கேதான்.

இந்தச் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் வணிகர்களுடைய ஒற்றுமையைப் புகழ்கிறார்கள், சிக்கனத்தைப் புகழ்கிறார்கள். நியாயமே. ஆனால் பேட்டைக்கும் பேட்டைக்கும் உள்ள தூரத்தை நிர்ணயித்தது யார்? மாட்டின் கால்! மகமைப் பெட்டியில் விழுந்த ஒவ்வொரு காசும் முதலில் ஒரு குளம்பைத் தாண்டித்தான் வந்தது. ஒரு மாடு நொண்டினால் அன்றைக்கு ஒரு வண்டி நின்றது. வண்டி நின்றால் பேட்டைக்குப் போய்ச் சேர முடியாது. பேட்டைக்கு வெளியே இரவைக் கழிப்பதென்றால் சரக்குக்குத் தெய்வந்தான் துணை.

பாண்டியனுக்கு ஒரு குதிரை செத்தால் வேறு குதிரை வாங்கப் பொக்கிஷம் இருந்தது. பாளையம்பட்டிக்காரருக்கு மாடு ஒரு ஜோடிதான். ஆகவே அரசர் தேடாத ஆளை அவர் தேடிப் போனார். லாடக்காரர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டார்.

*

அந்த லாடக்காரருடைய சாஸ்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மண் ஒரே மாதிரி மண் அல்ல. சில இடத்தில் சரளை, சில இடத்தில் செவல், பெரும்பாலும் கரிசல். கரிசல் என்பது சாதாரண மண் என்று நினைத்துவிடாதீர்கள். அதிலுள்ள களி, தண்ணீரைக் குடித்தால் ஊதிப் பெருக்கும். காய்ந்தால் சுருங்கிக் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். சித்திரையில் அதன்மேல் நடந்தால் கட்டாந்தரை. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் அதே தரை கால் வைத்தவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "போகிறாயா, போ பார்க்கலாம்!" என்று சிரிக்கும். வண்டிச் சக்கரத்தில் களி அப்பி, சக்கரம் தேர்ச் சக்கரம் மாதிரி பருத்துப்போகும்.

"வண்டி எந்தப் பக்கம் போகுது?" என்ற கேள்விக்கு இப்போது அர்த்தம் விளங்கும். கப்பி ரோட்டில் நெடுந்தூரம் போகிறதா? அப்படியானால் தடித்த லாடம். தேயத் தேயத் தாங்கவேண்டும். கல்லும் மேடும் உள்ள வழியா? ஆணியின் தலை சற்றே புடைத்திருக்கவேண்டும். அது தரையைக் கவ்வும். தலை தேய்ந்து தட்டையாகிவிட்டால் இரும்பு வழுக்கும்; இரும்பில்லாத குளம்பைவிட மோசமாக வழுக்கும். உழவுக்கா? லாடமே வேண்டாம். மழைக் காலத்துக் கரிசலில் போகிறதா? அதற்கு எந்த லாடமும் உதவாது. சேறு தகட்டின் அடியில் புகுந்து உறிஞ்சிப் பிடிக்கும். மாடு காலை வெடுக்கென்று இழுக்கும். லாடம் பிய்ந்து போகும்.

பந்தய மாட்டுக்கு வேறு கணக்கு. காலில் கட்டிய பாரம் முதுகில் ஏற்றிய பாரத்தைவிடக் களைப்பைக் கொடுக்கும். ஓடுகிற மிருகம் ஒவ்வோர் எட்டிலும் அதைத் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. ஆகவே ஓட்டத்துக்கு மெல்லிய தகடு வேண்டும். மெல்லிய தகடு சீக்கிரம் தேயும். தேய்ந்தால் தேயட்டும், பந்தயம் ஒரு நாழிகைக் காரியந்தானே? இக்காலத்தில் ஓட்டப் பந்தயக் குதிரைகளுக்கு அலுமினியத்தில் லாடம் அடிப்பதும் இதே காரணத்தால்தான். வேகத்துக்கு ஓர் இரும்பு, நடைக்கு ஓர் இரும்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே இரும்பு என்பது புளியமரத்தடியிலும் கிடைக்கவில்லை, கனடாவிலும் கிடைக்கவில்லை.

லாடம் அடிப்பதைப் பார்த்தவர்கள் அதை லேசில் மறக்கமாட்டார்கள். கயிற்றைச் சுற்றி மாட்டைச் சாய்ப்பார்கள். பெரிய மிருகம் 'தொம்' என்று விழும். நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டிக் கவைக்கம்பில் தாங்குவார்கள். ஒருவர் தலையை அமுக்கிக்கொள்வார். லாடக்காரர் குளம்பைச் சீவி மட்டமாக்குவார்; தகட்டை வைத்துப் பார்ப்பார்; மறுபடி சீவுவார். அவசரமே இருக்காது. பிறகு ஆணி. குளம்பின் வெளிச்சுவரில் மட்டுமே ஆணி போகலாம். அந்தச் சுவரும் மெல்லியது. ஆணி சாய்வாக ஏறிக் குளம்பின் பக்கவாட்டில் வெளியே வரவேண்டும். வந்த நுனியை முறித்து மடக்கிவிட வேண்டும். சற்றே உள்ளே திரும்பினால் உயிர்ச்சதை. அப்போது மாடு போடுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பிட முடியாது.

தேர்ந்த கையாக இருந்தால் ஆணியால் மாட்டுக்கு வலி இல்லை. நகம் வெட்டுகிற மாதிரிதான். ஆனால் விழுந்து கிடக்கும் பயம் உண்டு அல்லவா? தேராத கைக்கு அகப்பட்ட மாடுகளும் எத்தனையோ இருந்திருக்க வேண்டும். போலீஸ்காரர் கையில் அகப்பட்டவனைப் பற்றி நம் ஜனங்கள் "லாடம் கட்டிவிட்டார்கள்" என்று சொல்வது சும்மா வரவில்லை. மாடு சொல்ல முடியாததை நம்முடைய பாஷை ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது.

*

1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது. அது சாத்தூர் வழியாகவும், அப்போது விருதுபட்டி என்று பெயர் வழங்கிய விருதுநகர் வழியாகவும் போயிற்று. அருப்புக்கோட்டையும் பாளையம்பட்டியும் ஒதுங்கிப் போயின. வண்டிகளுக்கு வேலை போய்விட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. தூத்துக்குடிக்கு நூறு கிலோமீட்டர் போன வண்டிகள் இருபது கிலோமீட்டரில் உள்ள ரயிலடிக்குப் போய்வர ஆரம்பித்தன. தூரம் குறைந்தது, நடை பெருகிற்று. அருப்புக்கோட்டைக்கு ரயில் வந்தது 1960-களில்தான். அதுவரையில் பருத்திப் பொதிகள் விருதுநகர் போய்ச் சேர்ந்ததில் மாட்டின் காலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்குள் தார் ரோடும் லாரியும் வந்துவிட்டன. தார் ரோட்டுக்கு வண்டியும் பிடிக்கவில்லை; மாட்டுக்குத் தார் ரோடும் பிடிக்கவில்லை. இரும்புப் பட்டா போட்ட ஒடுக்கமான சக்கரம் ரோட்டை அறுத்தது. வழவழத்த தாரின் மேல் தேய்ந்த லாடம் சறுக்கிற்று. பட்டாவுக்குப் பதிலாக ரப்பர் டயர் போட்ட வண்டிகள் வந்து பாதிச் சண்டையைத் தீர்த்து வைத்தன. பெங்களூர் இந்திய மேலாண்மை நிறுவனத்தின் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசுவாமி 1970-களில் மாட்டு வண்டியை ஆராய்ந்து, வண்டியின் அமைப்பையும் நுகத்தையும் திருத்தினால் மாட்டின் துன்பம் எவ்வளவோ குறையும் என்று விடாமல் வாதாடினார். ஆனால் காலம் வண்டியைத் திருத்துவதற்குக் காத்திருக்கவில்லை, வண்டியையே ஓரங்கட்டிவிட்டது.

இன்று தென் மாவட்டங்களில் வண்டி மாடு பெருமையோடு ரோட்டுக்கு வருவது பந்தயத்துக்காகத்தான். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று தரம் பிரித்து ஓட்டுகிறார்கள். 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்கும் வண்டிப் பந்தயத்துக்கும் காளைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017-ல் தமிழ்நாடு தன் சட்டத்தைத் திருத்திற்று. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் அப்படியே செய்தன. 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் திருத்தங்கள் செல்லும் என்றது. பந்தயம் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கில் இரண்டு பக்கத்திலும் நல்லவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தோன்றுகிற ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். பேட்டைக் காலத்தில் மாடு நொண்டினால் எஜமானனும் பட்டினி கிடந்தான். அவனுடைய தயவு பாதி சுயநலம். ஆனாலும் அது மாட்டுக்குக் காவலாக இருந்தது. பந்தயத்தில் அந்தக் காவல் இல்லை. அந்த இடத்தில் சட்டம் நிற்க வேண்டியிருக்கிறது.

பனி தேசத்திலும் வழக்கு உண்டு. அங்கே மிருகத்தின் பேரில் இல்லை, தரையின் பேரில். பனிக் காலத்துக்காகக் கார் டயரில் ஆணி வைத்துக்கொண்டவர்கள், பனி உருகிய இடத்திலும் அதே டயரோடு ஓட்டினார்கள். ஆணிகள் சாலையைக் கீறிப் பள்ளமாக்கின. அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணம் 1971-லும், மேற்கு ஜெர்மனி 1975-லும் ஆணி டயரைத் தடுத்துவிட்டன. பனிக்கட்டிக்கு அடித்த ஆணி தாருக்குப் பகை. ஒரு தரைக்காக அடித்த இரும்பை அடுத்த தரைக்கும் கொண்டுபோனால், ஒன்று தரை சாகும். இல்லாவிட்டால் கால் சாகும்.

*

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைத் திண்ணையில் இருந்த பாட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரருடைய தாயார். தொண்ணூறு வயதுக்கு மேல் இருக்கும்.

"அதிர்ஷ்டமாவது ஒண்ணாவது! இவனுக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தாள்.

அவளுடைய மாமனார் காலத்துச் சமாசாரம். ஓர் ஐப்பசி மாதம் பருத்திப் பொதி ஏற்றி விருதுநகருக்குப் புறப்பட்டார். முதல்நாள் மழை. லாடக்காரர், "ரோட்டோட போங்க, இல்லாட்டி ரெண்டு நாள் கழிச்சுப் போங்க. கரிசலுக்குள்ள எறக்காதீங்க" என்று சொல்லித்தான் லாடம் அடித்தார். ஆனால் மறுநாள் விலை இறங்கிவிடும் என்று பேச்சு. குறுக்குப் பாதையில் வண்டியை இறக்கிவிட்டார் மாமனார். பாதி வழியில் வலத்து மாட்டின் கால் புதைந்தது. தார்க்குச்சியால் குத்தினார். மாடு காலை இழுத்தது. லாடம் வந்தது; குளம்பின் ஓடும் அதோடு பிய்ந்து வந்தது.

"விலை எறங்குச்சா, பாட்டி?" என்று பையன் கேட்டான்.

"எங்கே எறங்குச்சு? ஏறித்தான் போச்சு. மாடுதான் அந்த வருசம் பூராவும் எந்திரிக்கல. தெனமும் மஞ்சளும் வேப்பெண்ணெயும் காச்சிப் போட்டாங்க. அதுக்கப்புறம் அதை வண்டியிலே பூட்டவே இல்ல. விக்கவும் இல்ல. கொட்டத்துலயே கெடந்து, தன்னால செத்துச்சு. அந்தக் கால் லாடத்தைத்தான் இதுல அடிச்சு வச்சாரு. வீட்டை விட்டு எறங்கும்போதெல்லாம் கால்ல படணும்னு."

வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கே அது புதிய செய்தி.

பையன் மறுபடி குனிந்தான். இந்தத் தடவை இரும்பைத் தொடவில்லை. படத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். காரில் ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"எந்தப் பக்கம் போகணும் சார்?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது.